எல்லாவற்றுக்கும் ஆமா

கந்தவேல் அன்றைக்குக் கார் ஓட்டவில்லை. பத்து வருடம் போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டி ஒடிசா வரைக்கும் போய்வந்தவன், பக்கத்து இருக்கையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோணலாக உட்கார்ந்திருந்தான். ஸ்டியரிங் அவனுடைய முதலாளியம்மாவின் கையில் இருந்தது.

"மெதுவாப் போங்க மேடம். ஆதாரம் குலுங்குது."

"என்ன ஆதாரம்?" என்றாள் ஜெயப்பிரியா.

"என்ற இடுப்புதானுங்க. துப்பு பாக்கப் போயி நான் விழுந்த அந்தத் தண்ணித் தொட்டிப் படியில பாசி புடிச்சுக் கெடக்குது, கால் வெச்சா ஆளைத் தூக்கி அடிக்குதுன்னு கூண்டேறிச் சாட்சி சொல்லும்."

ஜெயப்பிரியா சிரிக்கவில்லை. திருச்செங்கோட்டில் துப்பறியும் அலுவலகம் திறப்பதற்கு முன்பு, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்துக்கொண்டிருந்தவள் அவள். வழுக்கி விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். இந்த வழக்கும் அப்படித்தான் என்று அவள் மனம் சொல்லியது. ஆனால் அதை யாரும் கேட்கப் போவதில்லை.

"படி வழுக்குதுன்னு நிரூபிச்சு என்ன பண்றது கந்தவேல்? அடிபட்ட ஆளே, தம்பிதான் அடிச்சான்னு சொல்லிட்டாரே."

இருவரும் முட்டிக்கொண்டு நின்ற சுவர் அதுதான்.

சின்னுசாமி அண்ணன். கதிர்வேல் தம்பி. இருவருக்கும் பொதுக் கிணறு. யார் முறையில் யார் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று ஒரு மாலை ஊருக்கே கேட்கும்படி சத்தம் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலையில் சின்னுசாமி தொட்டியடியில் தலையில் அடிபட்டுக் கிடந்தார். அவரைத் தூக்கி வேனில் போட்டு, மல்லசமுத்திரம் ரோட்டிலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தது கதிர்வேல்தான். மதியம் சப்-இன்ஸ்பெக்டர் வந்து கட்டிலருகே நின்று விசாரித்தார். கதிர்வேல்தான் அடித்தான் என்று சின்னுசாமி ஒப்புக்கொண்டார். சாயங்காலம் நினைவு தப்பியது. சேலத்துக்குக் கொண்டுபோய்த் தலையில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தது, பேச்சு வரவில்லை. கதிர்வேல் சிறையில் இருந்தான். அவன் மனைவி மயிலம்மாள் ஜெயப்பிரியாவின் அலுவலகத்துக்கு வந்து, உட்காராமலே அழுதுவிட்டுப் போனாள்.

"என்ற மச்சாண்டாரு பொய் சொல்ற ஆளில்லீங்க. என்ற ஊட்டுக்காரரும் அடிக்கற ஆளில்லீங்க" என்று கணவனின் அண்ணனையும் கணவனையும் பற்றி அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? ஜெயப்பிரியாவை அந்தக் கேள்வி தூங்கவிடவில்லை.

"மதியம் அவருக்கு நல்ல நினைவு இருந்துச்சுன்னு போலீஸ்ல சொன்னது யாரு?"

"நர்ஸுங்க. அனிதான்னு ஒரு புள்ளை. டாக்டர் ஆபரேஷன்ல இருந்தாராமா. அந்தப் புள்ளை சொன்னதக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு."

"அப்ப அவளைப் பார்ப்போம்."

அனிதா கெங்கவல்லிப் பக்கத்துப் பெண். இருபத்தைந்து வயதிருக்கும். வார்டில் ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு வந்தவள், இவர்கள் யார் என்று தெரிந்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"போலீஸ்லதான் சொல்லிட்டேனே மேடம்."

"எனக்கும் ஒரு தடவை சொல்லுங்களேன்."

"நல்ல நினைவோட இருந்தாரு. பேரு, இடம், கிழமை எல்லாம் கேட்டேன். எல்லாமே சரி. பதினஞ்சுக்குப் பதினஞ்சு."

"இது என்ன பரீட்சைங்க?" என்றான் கந்தவேல்.

"தலையில அடிபட்டவங்களுக்கு மார்க் போடுவோம் சார். கண்ணைத் திறக்கறாங்களா, சரியாப் பேசறாங்களா, சொன்னதைச் செய்யறாங்களான்னு பார்த்து. முழு மார்க் பதினஞ்சு."

"எங்க பள்ளிக்கூடத்துல பதினஞ்சு வாங்கினா முட்டி போடச் சொல்லுவாங்க."

அனிதாவின் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தை ஜெயப்பிரியா விடவில்லை.

"அன்னைக்கு எப்படிக் கேட்டீங்களோ, அப்படியே இவருகிட்டக் கேட்டுக் காட்டுங்க. இவரும் விழுந்து அடிபட்டவருதான். இடம் மட்டும் கொஞ்சம் கீழ."

வராந்தாவில் காலியாகக் கிடந்த கட்டிலில் கந்தவேல் சந்தோஷமாகப் படுத்துக்கொண்டான். அனிதா தயங்கினாள். பிறகு பழகிப்போன வேலை அவளை இழுத்தது. குனிந்து, அவன் தோளைத் தொட்டு, கனிவாகக் கேட்டாள்.

"உங்க பேரு கந்தவேல்தானே?"

"ஆமாங்க."

"இது ஆஸ்பத்திரின்னு தெரியுது இல்ல?"

"ஆமாங்க."

"இன்னைக்குப் புதன்கிழமைதானே?"

"ஆமாங்க."

"அவ்வளவுதான் மேடம். பதினஞ்சு."

"இன்னைக்கு வியாழக்கிழமை" என்றாள் ஜெயப்பிரியா.

அனிதா நெற்றியைத் தேய்த்தாள். "தொடர்ந்து டூட்டி. கிழமையே மறந்துபோச்சு."

"நீங்க மறந்தது பரவாயில்ல. இவருக்குக் கிழமை தெரியும். ஆனா ஆமான்னுட்டாரே." ஜெயப்பிரியா கட்டிலின் பக்கம் திரும்பி, அனிதாவின் அதே கனிவோடு கேட்டாள். "ராசிபுரத்துல நெய் டப்பா திருடுனது நீங்கதானே கந்தவேல்?"

"ஆமாங்… ஐயோ, இல்லீங்க!"

கந்தவேல் எழுந்து உட்கார்ந்தான். அனிதா சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜெயப்பிரியா குரலைத் தாழ்த்தினாள். "பேரைச் சொன்னது நீங்க. இடத்தைச் சொன்னது நீங்க. கிழமையைச் சொன்னதும் நீங்கதான். இவரு ஒரு வார்த்தைதான் சொன்னாரு. அன்னைக்கும் இப்படித்தான் கேட்டீங்களா?"

"அடிபட்டுப் பயந்துபோய்ப் படுத்திருப்பாங்க மேடம். அவங்களைச் சிரமப்படுத்தக் கூடாது இல்லையா? நாமளே எடுத்துக் குடுத்தா…" அவள் முடிக்கவில்லை.

"சின்னுசாமி தண்ணி கேட்டாரா? வலிக்குதுன்னு சொன்னாரா? ஆமாங்கறதைத் தவிர வேற ஏதாவது?"

அனிதா ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே முட்டை ஏற்றிய வேன் ஒன்று மெதுவாகப் போனது.

"ஞாபகம் வரலை" என்றாள் கடைசியில். "ஆனா கையைப் பிடிக்கச் சொன்னேன். கெட்டியாப் பிடிச்சாரு. அது நல்லா ஞாபகம் இருக்கு."

"எந்தக் கை?"

"இடது. வலது கையில டிரிப் ஏறிட்டு இருந்துச்சு."

அதைச் சொல்லி முடித்ததும் அவள் முகம் வெளுத்தது. கையிலிருந்த ஊசித் தட்டை வைக்க இடம் தேடுவதுபோலத் தடுமாறினாள். பிறகு வேகமாகப் பேசினாள்.

"போயிடுங்க மேடம். போலீஸ்ல சொன்னதையே கடைசி வரைக்கும் சொல்லணும்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. நான் மாத்திச் சொன்னா வேலை போயிடும்."

அவள் வார்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காரில் ஏறிய கந்தவேல் ஆஸ்பத்திரியைத் திரும்பிப் பார்த்தான்.

"பாவமுங்க. கெட்ட புள்ளை இல்ல."

"கெட்டவளா இருந்தா நம்ம வேலை சுலபமா இருந்திருக்கும்" என்றாள் ஜெயப்பிரியா. "இப்ப நம்மகிட்ட இருக்கறது வெறும் சந்தேகம். அந்த மனுஷன் வேற வார்த்தை பேசினாரா இல்லையான்னு பக்கத்துல இருந்தவங்கதான் சொல்லோணும்."

பக்கத்தில் இருந்தது சின்னுசாமியின் மனைவி சௌந்திரமும், கல்லூரியில் படிக்கும் மகள் கிருத்திகாவும். மாற்றுத் துணி எடுக்க இருவரும் சேலத்திலிருந்து ஊருக்கு வந்திருந்தார்கள். கார் வாசலில் நின்றதுமே சௌந்திரம் வெளியே வந்துவிட்டாள்.

"மயிலம்மா அனுப்பினவங்கதான நீங்க? இந்த ஊட்டு வாசப்படி ஏற வேண்டாம்."

"ஏறலீங்க" என்று ஜெயப்பிரியா வாசலிலேயே நின்றாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். உங்க ஊட்டுக்காரரு கடைசியா உங்ககிட்ட என்ன பேசினாருங்க?"

சௌந்திரம் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னையத் தெரியுதுன்னாரு. அதுதான் கடைசி. இப்ப வாயத் தொறந்தா வெறும் சத்தந்தான் வருது."

"எப்படிச் சொன்னாருங்க?"

"மாமாவுக்கு அனுப்பறதுக்கு நான் வீடியோ எடுத்தேன்" என்றாள் கிருத்திகா. "போலீஸ் வர்றதுக்கு முன்னால."

"அதை ஆருக்கும் காட்ட வேண்டாம் கண்ணு."

"காட்டினா என்னம்மா? அப்பா நல்லாப் பேசினாருன்னுதானே அதுல இருக்குது."

அவள் போனை நீட்டினாள். ஜெயப்பிரியாவும் கந்தவேலும் குனிந்து பார்த்தார்கள்.

தலையில் கட்டோடு சின்னுசாமி படுத்திருந்தார். கண்கள் விழித்திருந்தன. இடது கை போர்வையைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சௌந்திரத்தின் குரல் கேட்டது.

"என்னையத் தெரியுதுங்களா?"

"ஆமா."

"ஆருங்க நானு? சொல்லுங்க பாக்கலாம்."

சின்னுசாமியின் புருவம் சுருங்கியது. உதடுகள் எதையோ தேடின. கண்ணில் ஒரு கலவரம் வந்து போனது.

"ஆமா" என்றார்.

"தெரியுதாமா! கண்ணு, அப்பாவுக்கு என்னையத் தெரியுதாமா!" சௌந்திரம் விம்மி அழும் சத்தத்தோடு படம் நின்றது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் ஜெயப்பிரியா.

இரண்டாவது முறை ஓடும்போது கிருத்திகாவின் விரல் போனிலேயே உறைந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா… நீ ஆருன்னு கேட்டே. அதுக்கும் அப்பா ஆமான்னுதான் சொல்லியிருக்காரு. உன்ற பேரைச் சொல்லலை."

"அதனால என்ன? தெரியுதுன்னாரல்லோ?"

கிருத்திகா வீடியோவை அம்மாவின் பக்கம் திருப்பி மறுபடி ஓட்டினாள். பார்க்கப் பார்க்கச் சௌந்திரம் மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டாள். படியில் உட்கார்ந்தாள்.

"அப்ப என்னையவே அவருக்குத் தெரியலீங்களா?"

ஜெயப்பிரியா அவள் பக்கத்தில் போய் அமர்ந்தாள். "தெரிஞ்சிருக்கும்ங்க. அந்தக் கண்ணைப் பாருங்க, எவ்வளவு பாடுபடறாருன்னு. சொல்றதுக்கு வார்த்தை இல்ல. அவருகிட்ட மிச்சம் இருந்தது அந்த ஒண்ணுதான்."

"கதிர்வேல்தான் அடிச்சானான்னு எஸ்.ஐ. கேட்டப்ப…" என்று இழுத்தாள் சௌந்திரம்.

"அதுக்கும் அதேதானுங்க."

சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் கொழுந்தனைத் திட்டிய திட்டெல்லாம் அவள் நினைவுக்கு வந்தது. பிறகு எழுந்தாள்.

"ஸ்டேஷனுக்குப் போலாங்க. நானும் வாரேன்."

சப்-இன்ஸ்பெக்டர் சிவபிரகாஷ் வீடியோவை முழுசாகப் பார்த்தார். பொறுமையான மனிதர்தான். ஆனால் தலையை ஆட்டவில்லை.

"ஒரு கேள்விக்குத் தப்பாச் சொல்லியிருக்காரு. ஒத்துக்கறேன். வலியில காது கேக்காம இருந்திருக்கலாம். நர்ஸ் பரிசோதிச்சு, நினைவு முழுசா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணு அதே வார்த்தையில நிக்கற வரைக்கும் என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"அது நிக்காதுங்க சார்" என்றான் கந்தவேல் வாசலைப் பார்த்துக்கொண்டு. "அது வந்துருச்சு."

அனிதா வாசலில் நின்றிருந்தாள். யூனிஃபாரத்தை மாற்றக்கூட இல்லை. தோளில் தொங்கிய பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உள்ளே சௌந்திரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஒரு கணம் பின்வாங்கினாள். பிறகு உள்ளே வந்தாள்.

"நான் சொன்னது தப்பு சார்."

"யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல. இவங்க போனப்புறம் வார்டுல இருந்த ஒரு பெரியவர்கிட்ட கேள்வியை மாத்திக் கேட்டுப் பார்த்தேன். உங்க பேரு என்னங்கன்னு. அவரு பேரைச் சொன்னாரு, அப்பா பேரைச் சொன்னாரு, ஊரைச் சொன்னாரு, ரெண்டு மாட்டோட பேரையும் சொன்னாரு." அவள் குரல் உடைந்தது. "சின்னுசாமி ஐயா அப்படி எதுவுமே சொல்லலை சார். நான் எல்லாத்தையும் சொன்னேன். அவரு ஆமான்னு மட்டும் சொன்னாரு. இடது கையைத்தான் பிடிக்கச் சொன்னேன். வலது கையை நான் பார்க்கவே இல்லை."

"உங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தர்றதில்லையாம்மா?"

"காலேஜ்ல பொம்மையைப் படுக்க வச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. பொம்மை என்ன பேசப்போகுது? இங்க சேர்ந்த அன்னைக்கே டூட்டி போட்டுட்டாங்க. முழிச்சிருந்து பதில் சொன்னா பதினஞ்சு போடுன்னு சீனியர் ஒருத்தங்க சொன்னாங்க. சந்தேகம் கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு கேப்பாங்களோன்னு நான் யார்கிட்டயும் கேக்கலை."

சிவபிரகாஷ் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"நானும் அப்படித்தான் கேட்டேன்" என்றார் யாரிடம் என்றில்லாமல். "யாரு அடிச்சாங்கன்னு கேக்கலை. கதிர்வேல்தானே அடிச்சான்னு கேட்டேன்."

ஜெயப்பிரியா இந்த நொடிக்காகத்தான் அலைந்தாள். ஆனாலும் அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஏனென்றால் சௌந்திரம் எழுந்து அனிதாவின் எதிரே வந்து நின்றிருந்தாள். அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று ஜெயப்பிரியாவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன் அம்மிணி, அவருக்குப் பேச்சு வரலேன்னு மத்தியானமே தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"உடனே சேலத்துக்கு அனுப்பியிருப்போம்மா. தலைக்குள்ள ரத்தம் கட்டுதுன்னு அர்த்தம்."

"அப்ப அவரு இன்னைக்குப் பேசியிருப்பாரா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாதுமா."

"நானு அதக் கேக்கல."

அனிதா தலை குனியவில்லை. கண்ணீர் வழிய, அவளை நேராகப் பார்த்தே சொன்னாள். "பேசியிருக்கலாம்மா."

சௌந்திரம் வெளியே போனாள். கிருத்திகா பின்னாலேயே ஓடினாள். கந்தவேல் தண்ணீர்க் கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து அனிதாவிடம் நீட்டினான். அவள் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

சேலத்து டாக்டரிடம் சிவபிரகாஷே போய் விசாரித்தார். ரத்தம் கட்டியது தலையின் இடப்பக்கம்; பேச்சையும் வலது கை காலையும் ஆளும் பக்கம். பேச்சும் வலது கையும் மதியத்துக்கு முன்பே போயிருக்க வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தொட்டிப் படியையும் போலீஸார் மறுபடி போய்ப் பார்த்து, பாசி வழுக்குவதைக் குறித்துக்கொண்டார்கள். கதிர்வேலுக்கு ஜாமீன் கிடைத்தது. அனிதாவை இனிமேல் வர வேண்டாம் என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள் சௌந்திரம் ஜெயப்பிரியாவுக்குப் போன் செய்தாள்.

"அந்த நர்ஸுப் புள்ளையச் சேலத்துக்குக் கூட்டிட்டு வாங்க."

"எதுக்குங்க?"

"கூட்டிட்டு வாங்க, சொல்றேன்."

அடி விழும் என்று கந்தவேல் பயந்தான். அனிதா பயந்தாளோ என்னவோ, கேட்டதும் காரில் ஏறிவிட்டாள்.

அவர்கள் வார்டுக்குள் போனபோது கதிர்வேல் அப்போதுதான் வந்து கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தான். மெலிந்துபோயிருந்தான். கிட்டே போக அவனுக்குத் துணிவில்லை. சின்னுசாமி தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. இடது கையைத் தூக்கி, வா வா என்று அசைத்தார். கதிர்வேல் ஓடிப்போய்க் குனிந்தான். அண்ணன் அவன் சட்டையைப் பற்றி இழுத்து, அவன் முகத்தைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டார். கதிர்வேல் சத்தமாக அழுதான். சின்னுசாமியின் கண்ணோரத்திலிருந்தும் தண்ணீர் இறங்கியது.

சௌந்திரம் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் கொழுந்தனுக்கு நகர்த்திப் போட்டாள். பிறகு அனிதாவிடம் வந்தாள்.

"உன்னைய மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதே. எனக்கு மனசு இன்னும் ஆறல. ஆறுமான்னும் தெரியல."

அனிதா தலையசைத்தாள்.

"இங்க ஒரு சிஸ்டரு இருக்கறாங்க. தெனமும் வந்து அவரை எப்படி எப்படியோ கேட்டுப் பாக்கறாங்க, கையைக் காலைத் தூக்கச் சொல்றாங்க, கண்ணுல லைட் அடிக்கறாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ பக்கத்துல நின்னு கத்துக்கோ. அவங்ககிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன், சரின்னுட்டாங்க." சௌந்திரம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு இன்னொருத்தி புருசனைத் தூக்கிட்டு வருவாங்க. அன்னைக்கும் நீதான நிப்பே?"

வார்டின் மறுகோடியில் வெள்ளைக் கோட்டு அணிந்த நர்ஸ் ஒருத்தி கையில் சின்ன டார்ச்சோடு வந்துகொண்டிருந்தாள். அனிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டுக்குப் போய் நின்றாள்.